மூன்று தட்டு

ஆறு வருஷமாகப் பஞ்சவர்ணம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். தெருவோடு அவளுக்குச் சண்டை ஒன்றும் இல்லை. வெளிச்சம் பின்பக்கத்து ஜன்னல் வழியாக வந்தது, அவ்வளவுதான். சட்டைக்குக் காஜா எடுக்கிறவளுக்கு வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் முகம். பொத்தான் நுழைகிற ஓட்டையைச் சுற்றி நூலை ஒவ்வொரு தையலாக முடிந்துகொண்டே வர வேண்டும். ஓர் ஓட்டைக்கு முப்பத்திரண்டு தையல். பதினேழாவதில் யாராவது கூப்பிட்டு, இதோ வருகிறேன் என்று தலையைத் தூக்கினால் பதினெட்டாவது கோணிக்கொள்ளும். கோணின காஜாவைக் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புவான். அதைப் பிரித்து மறுபடி போடுவதற்குள் உயிர் போய்விடும்.

இந்த வேலையை அம்பத்தூருக்கு மேற்கே இருக்கிற சேக்காட்டில் உட்கார்ந்து செய்வது லேசுப்பட்ட காரியமா? காலம் எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. தெருக்குழாயில் தண்ணீர் தனக்குத் தோன்றின நேரத்துக்கு வரும், கால் மணியில் போயும் விடும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்ப் பீப்பாய் என்றைக்கு இறங்கும் என்பது அந்தக் கடைக்காரருக்கே தெரியாது. இறங்கின சேதி காதில் விழுந்து டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் பாதித் தெரு முன்னால் நிற்கும். ஒரு வீட்டை நடத்துவதற்கு எட்டுக் கண்ணும் எட்டுக் காதும் வேண்டியிருந்தது. ஆண்டவன் ஆளுக்கு இரண்டுதான் கொடுத்திருந்தான். அந்த இரண்டையும் பஞ்சவர்ணம் ஊசிக்குக் கொடுத்துவிட்டாள்.

மீதிக்கு வேம்புலியம்மாள் இருந்தாள்.

வேம்புலியம்மாள் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பஞ்சவர்ணத்தைவிட நாலு வயது மூத்தவள். கைத்தொழில் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் தெருவில் ஓர் ஈ பறந்தால் அது எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று சொல்லிவிடுவாள். புருஷன் உத்தமன் லாரியில் கிளீனர், மாதத்தில் பத்து நாள் ஊரில் இருந்தால் அதிகம். பஞ்சவர்ணம் குடிவந்த முதல் வருஷமே இரண்டு பேருக்கும் ஓர் ஏற்பாடு உண்டாகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக அமைந்துவிட்டது. தெருவைப் பார்த்துக்கொள்வது வேம்புலியம்மாள். தண்ணீர் வந்தால் கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டு. மண்ணெண்ணெய் வந்தால் மூன்று. அதற்குப் பதிலாக அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் கிழிசல் தைத்துக் கொடுப்பது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உடுப்புத் தைப்பது, மத்தியானக் குழம்பில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவது இதெல்லாம் பஞ்சவர்ணம்.

மூன்று தட்டு கேட்டுவிட்டால் பஞ்சவர்ணம் யோசிக்கவே மாட்டாள். யார் சொன்னது, நிஜமா, எப்போது என்று ஒரு கேள்வி கிடையாது. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, டின்னும் கார்டுமாகப் போய் முதல் ஆளாக நிற்பாள். ஆறு வருஷத்தில் அந்தச் சுவர் ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை. தெருக்காரர்களும் இதைக் கண்டு வைத்திருந்தார்கள். பஞ்சவர்ணம் டின்னோடு போகிறாளா, பீப்பாய் இறங்கிவிட்டது. வேறு யாரையும் விசாரிக்காமல் ஆளாளுக்கு டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள். "பஞ்சவர்ணம் உஷாரு" என்று பேர் வேறு. கண் வேம்புலியம்மாளுடையது, பேர் பஞ்சவர்ணத்துக்கு. அதைப் பற்றிப் பஞ்சவர்ணம் நினைத்துப் பார்த்ததில்லை.

அவள் புருஷன் தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருந்தான். கரண்ட் வெட்டு வந்த பிறகு பட்டறை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மற்ற நாளெல்லாம் மனுஷன் பாயில் மல்லாந்து கிடந்து கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருப்பான். அப்போதுதான் எஸ்டேட்டில் புதிதாக ஒரு சட்டைக் கம்பெனி வரப்போகிற சேதி வந்தது. கொண்டுவந்தவன் துலுக்கானம். காஜாவுக்கான பண்டல்களைச் சைக்கிள் கேரியரில் கட்டி வீடு வீடாகப் போட்டுவிட்டு, முடிந்ததை வாங்கிப் போகிறவன்.

"பொம்பளைங்களுக்கு மட்டும் வேலையாம். மாசச் சம்பளம், ஈ.எஸ்.ஐ. எல்லாம் கீது," என்றான். "நாள் வெச்ச உடனே வந்து சொல்றேன். மொத பேரா உன் பேரத்தான் குடுத்துகீறேன். உன் கைய பாத்துட்டு எவன்மா வேணாம்னு சொல்வான்?"

அன்றிலிருந்து பஞ்சவர்ணத்துக்கு வேறு நினைப்பே இல்லை. சம்பளம் வேண்டும்தான், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீடு இருந்த நிலைமைக்குச் சம்பளம் இல்லாமல் தீராது. ஆனால் அவள் ஆசைப்பட்டது வேறொன்றுக்கும்தான். தலைக்கு மேலே ஒரு ஃபேன், காலுக்குக் கீழே ஒரு மிஷின். தண்ணீர் வந்ததா, எண்ணெய் வந்ததா என்று காதில் ஒரு மூலையைக்கூடத் தெருவுக்கு ஒதுக்காமல் எட்டு மணி நேரம் தையலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார ஓர் இடம். அப்படி ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

வேம்புலியம்மாளிடம் சொல்லி வைத்தாள். "யக்கா, துலுக்கானத்தண்ணன் வர்ற நேரத்துல நான் கொழாயாண்ட போயிருந்தாலும் போயிருப்பேன். எதுனா சேதி சொன்னா காதுல வாங்கி வெச்சிக்கோ. இந்த ஒண்ண மட்டும் உட்டுடாதக்கா."

"நீ ஊசிய பாரு வர்ணம். நான் பாத்துக்கறேன்," என்றாள் வேம்புலியம்மாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ வேலைக்குப் பூட்டா உன் ஊட்ட யாரு பாத்துப்பா?" என்று கேட்டாள்.

"நீதான் கீறியே," என்று பஞ்சவர்ணம் சிரித்தாள். வேம்புலியம்மாளும் சிரித்தாள். பஞ்சவர்ணத்தின் முகம் ஜன்னல் பக்கம் இருந்ததால் அது எப்படிப்பட்ட சிரிப்பு என்று அவள் பார்க்கவில்லை.

பொங்கல் கழிந்து இரண்டாவது வியாழக்கிழமை. தேவராஜுக்கு அன்றைக்கு வேலை நாள், ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டான். ஏழு மணிக்குப் பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது சுவர் தட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று.

டின்னோடு வெளியே வந்தால் வேம்புலியம்மாள் தன் வாசலில் நின்றிருந்தாள். கையில் அவளுடைய டின்னும் கார்டும். "பீப்பா எறங்கப் போவுதாம். மத்தியானம் வந்துடுமாம், ஒருத்தர் சொன்னாரு. இத்தையும் எடுத்துகினு போய் உன் பின்னாடியே வெச்சிடு. பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டு நான் வந்துடறேன்."

ரேஷன் கடையில் வியாழக்கிழமை காலையில் யாரும் இருக்க மாட்டார்கள். கடைக்காரர் ராஜசேகரனுக்கு முத்தாபுதுப்பேட்டையிலும் ஒரு கடை உண்டு. அங்கே முடித்துவிட்டு மத்தியானம்தான் இங்கே சைக்கிளில் வருவார். பூட்டின கதவுக்கு முன்னால் பஞ்சவர்ணம் தன் டின்னை வைத்தாள். அதற்குப் பின்னால் வேம்புலியம்மாளின் டின்னை வைத்து, காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல்லையும் போட்டாள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எதிர் வீட்டுக் கெங்கம்மாள் வந்தாள். அவளைப் பார்த்து இரண்டு பேர், அந்த இரண்டு பேரைப் பார்த்து ஐந்து பேர். எட்டு மணிக்கு வரிசை அரிசி மண்டி வரைக்கும் போய்விட்டது. டின் இல்லாதவர்கள் செங்கல்லை வைத்துவிட்டு டின் எடுக்க ஓடினார்கள். அத்தனை பேரில் ஒருத்தர்கூட, பீப்பாய் வருகிறது என்று யார் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்பானேன்? பஞ்சவர்ணம் முன்னால் நிற்கிறாள்.

எட்டரை மணி இருக்கும். அடுத்த தெரு கலீலுல்லாவின் பெண்சாதி ஷம்ஷாத் ரயிலடிப் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவளும் துலுக்கானத்திடம் காஜா வாங்கிப் போடுகிறவள்தான். நல்ல புடவை, கையில் ஒரு பை. வரிசையைப் பார்த்ததும் நின்றாள். பஞ்சவர்ணத்தை உற்றுப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள்போல அரை நிமிஷம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் பழைய புடவையும் டின்னுமாக வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள். பாவம், டின்னை மறந்துவிட்டு வந்தாள் போலிருக்கிறது என்று பஞ்சவர்ணம் நினைத்தாள்.

ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. வேம்புலியம்மாள் வரவில்லை. அவளுடைய கடைசிப் பிள்ளைக்கு மறுபடி காய்ச்சலோ என்னவோ என்று பஞ்சவர்ணத்துக்குக் கவலையாகக்கூட இருந்தது. வெயில் ஏறினதும் தன் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, வேம்புலியம்மாளின் டின்னை யாரும் காலால் தள்ளிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ராஜசேகரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வரிசையைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"இன்னாம்மா இது? எதுக்கு நிக்கிறீங்க?"

"கிருஷ்ணாயில் சார்."

"இன்னிக்கு ஏது கிருஷ்ணாயில்? அடுத்த வாரம் வந்தாலே பெரிய விஷயம். யாரு சொன்னது உங்களுக்கு?"

நூறு பேர் இருப்பார்கள். நூறு பேரும் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேம்புலியக்கா சொன்னாள் என்றால் அதோடு முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவை தப்பு நடந்தால் அதற்காக ஒருத்தியை நடுத்தெருவில் நிறுத்துவதா? "நான்தான்... தப்பா காதுல உயுந்துட்ச்சி," என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். அரை நாள் கூலி போன கோபம் ஒருத்திக்கு, அடுப்பில் வைத்துவிட்டு வந்த சோறு குழைந்த கோபம் இன்னொருத்திக்கு. "பெரிய உஷாரு மாதிரி வந்து மொதல்ல நின்னுகினா!" என்று கெங்கம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். பஞ்சவர்ணம் இரண்டு காலி டின்னையும் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தாள். வேம்புலியம்மாள் வீடு பூட்டியிருந்தது.

சாயங்காலம் வேம்புலியம்மாளே வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள். "என்ன மன்னிச்சிடு வர்ணம். அந்த ஆளு சொன்னத நம்பிட்டேன். சின்னம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு ஆள் வந்துட்ச்சி, அப்டியே ஓடிட்டேன்," என்றாள். சொல்லும்போது கண் கலங்கியது. பஞ்சவர்ணம் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடுக்கா, இதுக்குப் போயி! சின்னம்மாவுக்கு எப்டி கீது?" என்று தேற்றி அனுப்பினாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சுவர் ஊமையாகிவிட்டது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தண்ணீர் வந்துபோனதே பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை. எதிர் வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கடன் கேட்டு நின்றாள். வேம்புலியம்மாள் காலை ஆறரைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும், பிள்ளைகள் தாங்களாகவே சோற்றைப் போட்டுத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போவதாகவும் தேவராஜ்தான் சொன்னான். சின்னம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை போலிருக்கிறது என்றாள் பஞ்சவர்ணம். ஏமாறுகிறவர்களுக்கு மட்டும் இப்படியெல்லாம் நல்ல நல்ல காரணமாகத் தோன்றும்.

புதன்கிழமை துலுக்கானம் வந்தான். பண்டலை இறக்கி வைத்தான். வழக்கமாக வாங்கிக் குடிக்கிற மோரைக்கூட வேண்டாம் என்றான்.

"இன்னாண்ணாத்தே, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"

"வேற இன்னாமா? இஷ்டம் இல்லன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம். உன் பேர மொதல்ல எழுதிக் குடுத்துட்டு, கூப்ட்டா நீ இல்ல. மேனேஜர் மின்னாடி என் பேரு ரிப்பேராய்ட்ச்சி."

பஞ்சவர்ணத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க கூப்ட்டாங்க? எப்போ?"

"போன வியாழக்கெழம. கம்பெனில ஆள் எடுத்தாங்கல்ல? செவ்வாய்க்கெழமயே வந்து சொன்னேனே! நீ தண்ணிக்குப் போயிருந்த. வேம்புலியம்மாகிட்ட சொன்னேன், காலைல பத்து மணிக்கு வரணும்னு. அதுவும் சொல்ட்டேன்னுதான் சொல்லுது. உன் ஊட்டுக்காரரு வேணாம்னுட்டாராம், நீ கிருஷ்ணாயில் வாங்கப் பூட்டியாம். அதான் அது மட்டும் வந்துட்ச்சி."

"எது வந்துட்ச்சி?"

"வேம்புலியம்மாதான். வேலைக்குச் சேந்துட்ச்சே. திங்கக்கெழமலேருந்து போயிகினு கீது. உனுக்குத் தெரியாதா?"

அப்போதும் பஞ்சவர்ணம் ஊசியை விடவில்லை. விரலுக்கு நடுவில் அது இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. துலுக்கானம் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் மெதுவாகப் புரிய ஆரம்பித்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பன்னெண்டு பேர் கேட்டாங்கமா. ஒம்போது பேர்தான் வந்தாங்க. கைவேல பாக்கணும், டெஸ்டு வெக்கணும்னு ஒண்ணும் இல்ல. காஜாவுக்கெல்லாம் அங்க மிஷின் வெச்சிகீறான். வந்த ஒம்போது பேரையும் அப்டியே எடுத்துகினான். மீதி மூணு எடத்துக்கு மறுநாள் கொரட்டூர்லேருந்து ஆள் வந்துட்ச்சி."

"ஏன் ஒம்போது பேரு?" என்றாள் பஞ்சவர்ணம்.

"சேக்காட்டுப் பொம்பளைங்க வேற எவளும் வரலியே! நான் இந்தப் பக்கம் நாலு ஊட்டுல சொல்லியிருந்தேன். எல்லாம் கியூல நின்னுகினு இருந்தாங்களாம். எவளோ பொய்யா கெளப்பி உட்டுட்டாளாம். ஷம்ஷாத்தக் கேட்டேன். கெளம்பி பாதி வழி வந்துட்ச்சாம். 'பஞ்சவர்ணமே டின்னோட நிக்குது, அப்ப கம்பெனி நாளு தள்ளிப் பூட்ச்சின்னு நெனச்சி திரும்பிட்டேன்'னு சொல்லுது."

துலுக்கானம் போகிறபோது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனான். பண்டல் கொடுக்கிற பழைய கம்பெனிக்காரனும் காஜா மிஷினுக்குச் சொல்லியிருக்கிறானாம். ஆடி மாதம் வரைக்கும் இந்த வேலை ஓடலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் வரை பஞ்சவர்ணம் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வேலை போனதுகூட இரண்டாவது. அந்த மூன்று தட்டைப் போய் இதற்கு எடுத்தாளே! வேறு எத்தனையோ பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருந்தால்கூடப் போதும், பஞ்சவர்ணம் தானாகவே பேசாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் பத்து மணிக்குள் துலுக்கானமோ வேறு யாருமோ வந்து கூப்பிட்டுவிட்டால்? அதற்காகத்தான் வேம்புலியம்மாள் அவளை வீட்டை விட்டுக் கிளப்பியிருக்கிறாள். தன் டின்னையும் கையில் கொடுத்திருக்கிறாள், இவள் அதை விட்டு நகர மாட்டாள் என்று தெரிந்து. வெயிலில் அந்தக் காலி டின்னைக் காவல் காத்தது நினைவுக்கு வந்தபோது பஞ்சவர்ணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆறரைக்கு வேம்புலியம்மாள் வந்தாள். கையில் புது டிபன் பாக்ஸ். பூட்டைத் திறக்கும் முன்பே பஞ்சவர்ணம் எதிரில் போய் நின்றாள்.

"சின்னம்மா எப்டி கீறாங்கக்கா?"

வேம்புலியம்மாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "தெரிஞ்சிட்ச்சா," என்றாள்.

"ஏன்க்கா? கேட்டிருந்தா நானே கூட்டிகினு போயிருப்பேனே! ரெண்டு பேரும் போயிருக்கலாமே! பன்னெண்டு எடம் இருந்துச்சாம், ஒம்போது பேர்தான் வந்தாங்களாம்!"

"அது எனுக்கு எப்டித் தெரியும்?" என்றாள் வேம்புலியம்மாள். "நம்ம தெருவுக்கு ஒண்ணு கெடச்சா பெருசுன்னு நெனச்சேன். உன் கையும் என் கையும் பக்கத்துல வெச்சா எவன் என் கைய பாப்பான்?"

"அதுக்கு கிருஷ்ணாயில்னு தட்டுவியா? தெருவே என்னத் துப்புச்சே, நீ சொன்னேன்னு ஒரு வார்த்த சொன்னேனா?"

"சொல்லலதான்." வேம்புலியம்மாளின் குரல் திடீரென்று உயர்ந்தது. "மின்னாடியும் ஒரு நாளும் சொன்னதில்லியே! ஆறு வருஷம் உனுக்கும் சேத்து இந்தத் தெருவ நான்தான் பாத்துகினு கெடந்தேன். நிம்மதியா தூங்கினதில்ல, ஒரு வேல கத்துக்கினதில்ல. எந்நேரமும் காது வாசல்லயே. பஞ்சவர்ணம் உஷாரு, பஞ்சவர்ணம் உஷாருன்னு ஊரே சொல்லுது. நீ ஒரு தபா திரும்பிப் பாத்தியா? நீ வேலைக்குப் பூட்டா உன் ஊட்ட யாரு பாத்துப்பான்னு கேட்டேன். நீ இன்னா சொன்ன? நீதான் கீறியேன்னு சிரிச்ச. என் பொழப்பு அவ்ளோதானா வர்ணம்? ஒரே ஒரு நாள் எனுக்குன்னு பாத்துகினேன்."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் பஞ்சவர்ணத்துக்கு இன்னும் வலித்தது. ஒருத்தி முழுக்க முழுக்க அயோக்கியத்தனம் செய்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம். இங்கே அதற்கும் வழியில்லை. "நீ என்ன கேட்டிருக்கணும்க்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து பஞ்சவர்ணம் உட்காருகிற திசையை மாற்றினாள். ஜன்னலுக்கு முதுகு, தெருவுக்கு முகம். தன் நிழலே துணியில் விழுந்தது. குடம் உரசுகிற சத்தம் கேட்டால் நிமிர்வாள், யாராவது வேகமாக நடந்தால் எழுந்து எட்டிப் பார்ப்பாள். தண்ணீர் ஒரு நாளும் தவறவில்லை. காஜாக்கள்தான் கோணின. அந்த வாரப் பண்டலில் பாதி திரும்பி வந்தது. துலுக்கானம் ஒன்றும் சொல்லாமல் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனான். அவன் ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

தெருவில் அவளுக்குப் புதுப் பேர் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு வீணாகக் காத்து நின்றாலும் சரி, டாக்டர் வராத அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்திருந்தாலும் சரி, "பஞ்சவர்ணம் கியூ" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் காதில் விழுகிற தூரத்திலேயே சொன்னார்கள்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு நாள். காலையில் சுவர் தட்டியது. மூன்று தட்டு.

தேவராஜ் பாயிலிருந்து தலையைத் தூக்கினான். "இன்னாமே, தட்றாங்களே? எந்திரிக்கல?"

"தட்டட்டும்," என்றாள்.

மறுபடி மூன்று தட்டு. பஞ்சவர்ணம் வாசலில் வந்து நின்றாள். வேம்புலியம்மாள் டின்னோடு போவது தெரிந்தது, நகரவில்லை. கெங்கம்மாள் போனாள், அப்போதும் நகரவில்லை. தெருமுனையில் மாட்டுவண்டியிலிருந்து பீப்பாயை இறக்கி உருட்டுவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போய் டின்னை எடுத்தாள். அதற்குள் வரிசை அரிசி மண்டியைத் தாண்டியிருந்தது. கடைசியில் போய் நின்றாள்.

முன்னாலிருந்து வேம்புலியம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "வர்ணம்! இங்க வா. உனுக்கு எடம் வெச்சிகீறேன்." அவளுக்குப் பின்னால் ஒரு செங்கல் இருந்தது. நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள், சில பேர் சிரித்தார்கள். பஞ்சவர்ணம் காது கேட்காதவள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் வேம்புலியம்மாள் குனிந்து அந்தச் செங்கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

பஞ்சவர்ணத்துக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது பீப்பாய் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து அரை மணி ஆகியிருக்காது, வேம்புலியம்மாள் வாசலில் நின்றாள். கையில் அவள் வாங்கின டின். உள்ளே வா என்று பஞ்சவர்ணம் சொல்லவில்லை. இரண்டு நாளாக அடுப்பில் எண்ணெய் இல்லாமல் சுள்ளியை வைத்துப் புகைத்துக்கொண்டிருப்பது வேம்புலியம்மாளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதது ஒன்று இந்தத் தெருவில் உண்டா?

"பாதி ஊத்திக்கோ," என்றாள் வேம்புலியம்மாள்.

பஞ்சவர்ணம் தன் டின்னைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். உள்ளே அவள் பிள்ளைகள் புகையில் இருமிக்கொண்டிருந்தார்கள். வேம்புலியம்மாள் சிந்தாமல், பார்த்துப் பார்த்து ஊற்றினாள். சரிபாதி.

"இனிமே தட்டாத," என்றாள் பஞ்சவர்ணம்.

வேம்புலியம்மாள் தலையை ஆட்டினாள். எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தச் சுவர் தட்டவில்லை. ஆடி மாதம் காஜா மிஷின் வருகிற வரைக்கும் பஞ்சவர்ணம் பண்டல்களை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். தினமும் காலை ஆறரைக்குப் பக்கத்து வீட்டுக் கதவைச் சாத்திப் பூட்டுகிற சத்தம் கேட்கும். டிபன் பாக்ஸ் ஒரு தடவை கதவில் இடிக்கும். செருப்புச் சத்தம் ரயிலடிப் பக்கம் போகும். அது தேய்ந்து அடங்குகிற வரைக்கும் பஞ்சவர்ணத்தின் ஊசி நின்றுவிடும். பிறகு எத்தனையாவது தையலில் விட்டோம் என்று தெரியாமல், முதலிலிருந்து எண்ணத் தொடங்குவாள்.